மின்சாரக் காரும் கிரெடிட் கார்டும்: புதிதாக வண்டி எடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெட்ரோல் கார் வைத்திருந்தவரை கணக்கு சுலபம். பங்க்கில் கார்டைத் தேய்த்தால் சர்சார்ஜ் (பெட்ரோலுக்குக் கார்டில் கட்டும்போது ஏறும் கூடுதல் கட்டணம்) தள்ளுபடி. பிபிசிஎல் எஸ்பிஐ, இந்தியன் ஆயில் எச்டிஎஃப்சி மாதிரியான கார்டு கையில் இருந்தால் போட்ட பெட்ரோலில் சில சதவீதம் திரும்பி வரும். மின்சாரக் காருக்கு மாறியதும் அந்த ஒற்றைச் செலவு பல துண்டாகச் சிதறிவிடுகிறது. பாதி வீட்டு இ.பி. பில்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. மீதி நெடுஞ்சாலையில் உள்ள நாலைந்து சார்ஜிங் ஆப்களுக்குள் போகிறது. இன்ஷூரன்ஸ், டயர், டோல் எல்லாம் தனித்தனி. கார்டு கம்பெனி இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் புதிதாக மின்சாரக் கார் எடுத்திருப்பவர்களுக்காக, அல்லது எடுக்கப்போகிறவர்களுக்காக, இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பணம் கொட்டாது. எந்தக் கார்டு என்பதைவிட, பணம் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஒரே கார்டு, ஒரே சார்ஜர், ஒரே தொகையாக இருந்தாலும், கட்டும் வழி மாறினால் ஐந்து சதவீதம் பூஜ்யமாகிவிடும்.

1. செலவைப் பிரித்து எழுதுங்கள்

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். டாடா பஞ்ச், நெக்ஸான், எம்.ஜி. விண்ட்சர் அளவுள்ள வண்டி, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏசி, வேகம், ஓட்டுகிறவரின் கால் ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 1,850 யூனிட். வீட்டில் ஐந்தில் நான்கு பங்கு, வெளியே ஒரு பங்கு என்றால் வீட்டில் 1,480, வெளியே 370.

இதற்கு மேல் இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், ஃபாஸ்டேக். வாங்கும் ஆண்டில் மட்டும் புக்கிங் தொகை, வீட்டுச் சார்ஜருக்கான வயரிங், ஆக்சசரிஸ். இவ்வளவுதான் கார்டு நுழையக்கூடிய இடங்கள். கார் கடனின் இ.எம்.ஐ. வங்கிக் கணக்கிலிருந்துதான் போகும், அதில் கார்டுக்கு வேலை இல்லை. எம்.ஜி. 2024-இல் விண்ட்சரோடு கொண்டுவந்த பேட்டரி வாடகைத் திட்டத்தில் வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று பேசினாலும், அடிப்படையில் அது ஒரு நிதி நிறுவனத்துக்குக் கட்டும் மாதத் தவணை.

2. நாலு இலக்க எண் ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு கடைக்கும் எம்.சி.சி. என்ற நாலு இலக்க எண் உண்டு. கடை என்ன வியாபாரம் செய்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. கடைக்காரருக்கு ஸ்வைப் மெஷின் கொடுத்த வங்கியோ, ஆன்லைன் பணப்பரிமாற்றத்தை நடத்தும் கேட்வே நிறுவனமோதான் அதை ஒதுக்குகிறது. பாயின்ட் தருவதா வேண்டாமா என்று உங்கள் கார்டு கம்பெனி முடிவு செய்வது இந்த எண்ணைப் பார்த்துத்தான். நீங்கள் உண்மையில் என்ன வாங்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

நமக்கு வேண்டிய எண்கள் சிலவே. மின்வாகன சார்ஜிங்குக்கென்றே 5552 இருக்கிறது. பெட்ரோல் பங்க் 5541, 5542. மின்கட்டணம் போன்ற சேவைகள் 4900. இன்ஷூரன்ஸ் 6300. வாலட்டில் பணம் ஏற்றுவது 6540. டோல் 4784.

இப்போது உங்கள் கார்டின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, ‘பாயின்ட் கிடையாது’ என்ற பட்டியலைத் தேடுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டாம், அந்தப் பட்டியலை மட்டும் படியுங்கள். எரிபொருள், வாடகை, வாலட், இன்ஷூரன்ஸ், மின்கட்டணம் என்று வரிசையாக இருக்கும். உதாரணத்துக்கு, ஆன்லைனில் எங்கே வாங்கினாலும் ஐந்து சதவீதம் என்று பெயர் வாங்கிய எஸ்பிஐ கேஷ்பேக் கார்டே எரிபொருள், வாடகை, வாலட், இன்ஷூரன்ஸ், மின்கட்டணம் ஆகியவற்றை விலக்கி வைத்திருக்கிறது. கார் வைத்திருப்பவரின் பெரிய செலவுகளில் பாதி அந்த விலக்கிலேயே அடிபட்டுப் போகிறது. 5552 அந்த மாதிரிப் பட்டியல்களில் பெரும்பாலும் இருக்காது. நமக்குள்ள சந்து அதுதான்.

ஆனால் சார்ஜிங் நிறுவனம் உண்மையிலேயே 5552-இல் பதிவு செய்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. சில நிறுவனங்கள் மென்பொருள் சேவை என்று பதிந்திருக்கும், சில மின்கட்டணம் என்று பதிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான். சின்னத் தொகை ஒன்றைக் கட்டிவிட்டு, மாத ஸ்டேட்மென்ட் வந்ததும் அந்த வரிக்கு எதிரே பாயின்ட் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சில வங்கிகளின் ஆப் செலவை வகை பிரித்துக் காட்டும். அதில் ‘எரிபொருள்’ என்றோ ‘யுடிலிட்டி’ என்றோ வந்தால் விஷயம் புரிந்துவிடும். வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது ‘எனக்கு வந்துச்சு’ என்று சொல்வதை நம்பி ஐயாயிரம் ஏற்றாதீர்கள். கேட்வே மாறினால் எண்ணும் மாறும்.

3. வெளியே சார்ஜ் போடும்போது

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் ஜியான், டாடா பவர், ஸ்டாட்டிக், ரிலக்ஸ், ஜியோ-பிபி என்று பல நிறுவனங்களின் சார்ஜர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆப், அந்த ஆப்புக்குள் ஒரு வாலட். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சார்ஜ் கேபிளைச் சொருகிய பிறகு ‘உங்கள் வாலட்டில் போதிய தொகை இல்லை, குறைந்தது இவ்வளவு ஏற்றவும்’ என்று திரை சொல்லும். பின்னால் இன்னொரு கார் காத்திருக்கும். அந்த அவசரத்தில் யாரும் எந்தக் கார்டு என்று யோசிப்பதில்லை. கையில் முதலில் வந்ததில் கட்டிவிடுவார்கள். அதனால் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து இரண்டு வேலையைச் செய்துவிடுங்கள். போகும் வழியில் எந்த நிறுவனத்தின் சார்ஜர் என்று முடிவு செய்யுங்கள். அந்த ஆப்பில் சரியான கார்டைச் சேமித்து வையுங்கள்.

வாலட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சார்ஜிங் ஆப்பின் வாலட் அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும், வெளியே எடுக்க முடியாது. கார்டு கம்பெனியைப் பொறுத்தவரை, நீங்கள் பணம் ஏற்றுகிற அந்த நொடியில்தான் செலவு நடக்கிறது. பிறகு எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் அதற்குக் கணக்கில்லை. ஏற்றும்போது அது 6540 என்ற எண்ணில் போனால் பாயின்ட் போச்சு. அது மட்டுமில்லை, வாலட்டில் ஏற்றும் தொகை ஓர் அளவைத் தாண்டினால் ஒரு சதவீதக் கட்டணம் என்று பல வங்கிகள் சமீப ஆண்டுகளில் விதி கொண்டுவந்திருக்கின்றன. பாயின்ட் வாங்கப் போய்க் கட்டணம் கட்டிவிட்டு வருவதில் அர்த்தமில்லை.

ஆகவே ஆப்பில் ‘நேரடியாகக் கட்டு’ என்ற வசதி இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் ஏற்றுங்கள். ‘2,000 ஏற்றினால் 100 ரூபாய் கூடுதல்’ மாதிரியான சலுகை வந்தால், அந்த நிறுவனத்தின் சார்ஜரை அடிக்கடி பயன்படுத்துபவராக இருந்தால் மட்டும் எடுங்கள். அந்த 100 ரூபாயே ஐந்து சதவீதம், கார்டு பாயின்ட் அதற்கு மேல் வந்தால் லாபம். ஆண்டுக்கு ஒருமுறை கன்னியாகுமரி போகிறவருக்கு இது தேவையில்லை. நாலு ஆப்பில் நூறு, இருநூறு என்று மிச்சம் தங்கிவிட்டால், இத்தனை மாதம் சேர்த்த பாயின்ட்டெல்லாம் அங்கேயே முடங்கிப் போகும். எனக்கு ஓர் ஆப்பில் சார்ஜ் ஏறாமலே பணம் கழிந்தது. புகார் சொன்ன பிறகு தொகை திரும்பியது, ஆனால் கார்டுக்கு இல்லை, வாலட்டுக்கு. மறுபடி அந்தப் பக்கம் போகும்வரை அது சும்மா கிடந்தது.

விலையைப் பார்க்கும்போது ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துப் பாருங்கள். ஆப்பில் யூனிட் 18 ரூபாய் என்று இருந்தால் 18 சதவீத வரியோடு 21 ரூபாய் 24 பைசா. இரண்டு நிறுவனங்களுக்கு இடையே யூனிட்டுக்கு மூன்று, நாலு ரூபாய் வித்தியாசம் இருப்பது சகஜம். சில இடங்களில் பகல் நேரத்துக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை. நாலு ரூபாய் குறைவான சார்ஜரில் போடுவது எந்தக் கார்டின் கேஷ்பேக்கையும்விடப் பெரிது. இதை மறந்துவிட்டு, ‘ஐந்து சதவீதம் வருகிற ஆப்’ என்று விலை கூடிய சார்ஜரைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பெட்ரோல் பங்க்கில் இருக்கும் சார்ஜர். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆப் வழியாகக் கட்டினால் அது சார்ஜிங் நிறுவனத்தின் எண்ணில் போகும். ‘ஆப் வேண்டாம் சார், இங்கேயே ஸ்வைப் பண்ணுங்க’ என்று பங்க்கின் மெஷினை நீட்டினால் அது 5541-இல் விழும். கார்டுக்கு நீங்கள் பெட்ரோல் போட்ட மாதிரிதான். பாயின்ட் கிடையாது, ஒரு சதவீத சர்சார்ஜும் ஏறலாம். தள்ளுபடி உள்ள கார்டாக இருந்தால் சர்சார்ஜ் திரும்பிவிடும், ஆனால் அதன் மேல் போட்ட ஜி.எஸ்.டி. திரும்பாது, தள்ளுபடிக்கும் குறைந்தபட்சத் தொகை இருக்கும். பங்க் நிறுவனக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது தலைகீழாக வேலை செய்யலாம், அந்த மெஷினில் தேய்த்தால் பெட்ரோல் பாயின்ட் விழக்கூடும். ஆனால் அதற்காக ஆண்டுக் கட்டணம் கட்டி அந்தக் கார்டை வைத்திருப்பது வீண். வீட்டில் இன்னொரு பெட்ரோல் வண்டி இல்லையென்றால் கார்டை முடித்துவிடுங்கள், அல்லது கட்டணமில்லாத வேறு கார்டாக மாற்றித் தரச் சொல்லி வங்கியைக் கேளுங்கள்.

யு.பி.ஐ. வழியாகக் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது: 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. ஆப்பில் இணைக்கலாம். விசா, மாஸ்டர்கார்டை இணைக்க முடியாது. சார்ஜரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரூபே கார்டில் கட்டுவது வசதிதான், ஆனால் பல ரூபே கார்டுகள் யு.பி.ஐ. செலவுக்கென்று தனியாக, குறைந்த விகிதத்தில் பாயின்ட் தருகின்றன. கார்டை நேரடியாக ஆப்பில் போட முடிந்தால் அதுவே மேல். டெபிட் கார்டு, வங்கிக் கணக்கு வழியாக யு.பி.ஐ.யில் கட்டிவிட்டுப் பாயின்ட் எங்கே என்று தேட வேண்டாம்.

4. வீட்டில் சார்ஜ்: இ.பி. பில்

ஓட்டத்தில் பெரும்பகுதி வீட்டில் ஏறுகிறது என்பதால் பாயின்ட்டுக்கும் இங்கேதான் இடம் அதிகம். ஆனால் முதலில் ஸ்லாப், அதாவது யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிநிலை.

நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரை உள்ள மலிவு விலை கைவிட்டுப் போகும். அந்த 501-ஆவது யூனிட்டால் மட்டும் பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறும். அதற்குப் பிறகு வரும் யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல். 400 யூனிட் ஓடிக்கொண்டிருந்த வீட்டில் கார் வந்ததும் 650 ஆகிறது என்று வையுங்கள். 1,200 ரூபாய் வாக்கில் வந்துகொண்டிருந்த பில் 3,000-ஐத் தாண்டும். ஆகக் காருக்குப் போகும் யூனிட்டின் உண்மை விலை ஒன்பது ரூபாய்ச் சுமார். ‘வீட்டில் போட்டால் கிட்டத்தட்ட இலவசம்’ என்று ஷோரூமில் சொல்வதை நம்பியவர்கள் முதல் பில்லைப் பார்த்து முகம் சுளிப்பது இதனால்தான். அலுவலகத்தில் சார்ஜ் வசதி இருந்தால், அங்கே போட்டு 500-க்குள் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். அதில் மிச்சமாகும் பணத்துக்கு முன்னால் எந்தக் கார்டும் நிற்காது.

சரி, பில்லைக் கட்டுவோம். மின்வாரியத்தின் தளத்திலேயே கட்டலாம், கூகுள் பே, போன்பே, அமேசான், வங்கி ஆப் எல்லாவற்றிலும் கட்டலாம். கார்டில் கட்டும்போது கூடுதல் கட்டணம் போடுகிறார்களா என்று கடைசித் திரையில் பாருங்கள். பொதுவான கார்டுகளில் 4900-க்குப் பாயின்ட் கிடையாது, அல்லது மாத உச்சவரம்பு இருக்கும். ஆனால் பில் கட்டுவதற்கென்றே பெயர் வாங்கிய கார்டுகளும் உண்டு. ஏர்டெல் ஆக்சிஸ் கார்டு ஏர்டெல் ஆப் வழியாகக் கட்டும் மின்கட்டணம் போன்றவற்றுக்குப் பத்து சதவீதம், மாதம் 250 ரூபாய் வரை என்ற விதியால் பலர் பையில் இடம்பிடித்தது. ஆக்சிஸ் ஏஸ் கூகுள் பே வழியாகக் கட்டுவதற்கு ஐந்து சதவீதம் என்று வந்தது. இந்த விகிதங்கள் எப்போது வேண்டுமானாலும் மாறும், வாங்கும் நாளில் வங்கியின் பக்கத்தில் இருப்பதுதான் கணக்கு.

உச்சவரம்பு மாதக் கணக்கு, நம் பில்லோ இரண்டு மாதக் கணக்கு. ஆகவே மாதம் 250 என்பது நமக்கு ஆண்டுக்கு 3,000 ஆகாது, இ.பி.க்கு மட்டும் பார்த்தால் ஆறு முறை, 1,500 ரூபாய். 3,000 ரூபாய் பில்லில் முதல் 2,500-க்குத்தான் பத்து சதவீதம். பில் வராத மாதத்தில் பெற்றோர் வீட்டு மின்கட்டணம், கேஸ் பில் என்று அதே வகையில் வேறு ஏதாவது இருந்தால் அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இது வேறு மாதிரி. பார்க்கிங்கில் சப்-மீட்டர் போட்டு, மாதா மாதம் ரீடிங் எடுத்து அசோசியேஷனுக்குக் கட்டுவார்கள். அந்தப் பணம் செயலாளரின் சொந்த நம்பருக்கு யு.பி.ஐ.யில் போகிறதென்றால் ரூபே கிரெடிட் கார்டும் உதவாது, தனிநபருக்கு அதில் அனுப்ப முடியாது. பராமரிப்புக் கட்டணம் கட்ட உதவும் சில ஆப்களில் கார்டை ஏற்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு சதவீதத்துக்கு மேல் கட்டணம் எடுக்கிறார்கள், கார்டு கம்பெனியோ அதை வாடகை என்று எடுத்துக்கொண்டு பாயின்ட் தராது. அசோசியேஷன் வங்கிக் கணக்குக்குச் சாதாரணமாக அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள். முடிந்தால் உங்கள் ஃபிளாட் மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்குத் தனி லைன் இழுக்க அனுமதி கேளுங்கள். அப்போது கார் செலவும் உங்கள் இ.பி. பில்லுக்குள் வந்துவிடும், பில் கார்டுக்கும் வேலை வரும். கேபிள் நீளத்தைப் பொறுத்துச் செலவு ஆகும், பொதுக்குழுவில் கொஞ்சம் சண்டையும் ஆகும்.

5. வாங்கும்போது

புக்கிங் தொகையைக் கார்டில் கட்டுவதில் சிக்கலில்லை. டவுன் பேமென்ட்டைக் கார்டில் கட்டக் கேட்டால் ஷோரூமில் ஒரு வரம்பு சொல்வார்கள், ‘அதுக்கு மேல ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்’ என்பார்கள். உங்கள் கார்டு ஒரு சதவீதம் தருகிறது, அவர்கள் இரண்டு எடுக்கிறார்கள். விட்டுவிடுங்கள். ஒரே விதிவிலக்கு: புதுக் கார்டின் வரவேற்புச் சலுகைக்கோ, ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்கோ குறிப்பிட்ட தொகை செலவழிக்க வேண்டியிருந்து, இது அதை நிறைவேற்றிவிடும் என்றால் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.

புதுக் கார்டு எடுப்பதாக இருந்தால் நேரம் முக்கியம். கார் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகும் மாதத்தில் கார்டுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகும். ஸ்கோர் 750-க்கு மேல் இருப்பவருக்குக் கிடைக்கும் வட்டி, சற்றுக் கீழே இறங்கியவருக்குக் கிடைக்காமல் போகலாம். ஐந்து ஆண்டுக் கடனில் கால் சதவீத வட்டி கூடினாலே பல ஆண்டுப் பாயின்ட் காலி. கடன் கைக்கு வந்து, வண்டி வீட்டுக்கு வந்த பிறகு கார்டைப் பாருங்கள். கையில் இருக்கும் கார்டின் லிமிட்டில் முப்பது சதவீதத்துக்கு மேல் அந்த நேரத்தில் பயன்படுத்தாமல் இருப்பதும் நல்லது. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது சிபிலுக்குத் தகவல் அனுப்புகின்றன, ஆகவே ஸ்கோர் ஏறுவதும் இறங்குவதும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

பத்து லட்சத்துக்கு மேல் விலை உள்ள காருக்கு ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று பில்லில் இருக்கும். அது உங்கள் பணம், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பதினைந்து லட்ச ரூபாய் வண்டிக்கு 15,000. பாயின்ட்டை எண்ணிக்கொண்டிருப்பவர்களில் சிலர் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பழைய நண்பர்கள் மின்வாகனக் கடன் வட்டிக்கான 80ஈஈபி வரிச்சலுகை பற்றிச் சொன்னால், அது 2023 மார்ச்சுக்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும்.

வீட்டு வயரிங்கில் ஒரு சின்ன உத்தி. எலக்ட்ரீஷியனிடம் மொத்தமாகக் கொடுத்தால் ரொக்கம் அல்லது யு.பி.ஐ.தான் கேட்பார். என்ன அளவு கேபிள், எந்த எம்.சி.பி., எர்த்திங்குக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே பட்டியல் வாங்கி, பொருளை நீங்கள் ஆன்லைனில் கார்டில் வாங்கிக் கொடுங்கள், கூலி மட்டும் அவருக்கு. ஆனால் கேபிளின் தடிமனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரவு முழுக்கச் சுமை தாங்கும் லைன் அது.

6. இன்ஷூரன்ஸ்

புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். மின்சாரக் காருக்கு இது மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்தது. 2022 ஜூனில் வந்த விகிதப்படி, மூன்று ஆண்டுக்கு 30 கிலோவாட் வரை 5,543 ரூபாய், 30 முதல் 65 வரை 9,044, அதற்கு மேல் 20,907. இதற்கு மேல் சொந்தச் சேதக் காப்பீடு, ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் வசதி), பேட்டரிப் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்து, 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் ஏறி, ஆண்டுச் செலவில் பெரிய உருப்படியாக நிற்கும்.

கார்டு விஷயத்தில் இது வறண்ட நிலம். பல கார்டுகளில் பாயின்ட் இல்லை, இருப்பவற்றில் உச்சவரம்பு. இருந்தாலும் ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்கான மொத்தச் செலவில் இன்ஷூரன்ஸைச் சேர்த்துக்கொள்ளும் கார்டுகள் உண்டு, அந்தக் கார்டில் கட்டுங்கள். அதைவிடப் பெரிய லாபம், ஷோரூம் சொல்லும் பிரீமியத்தையும் அதே காப்பீட்டை ஆன்லைனில் எடுத்தால் வரும் பிரீமியத்தையும் ஒப்பிடுவதில் இருக்கிறது. வித்தியாசம் சில ஆயிரங்களில் இருப்பது சாதாரணம். பிரீமியத்தைக் குறைக்க பேட்டரிப் பாதுகாப்பை மட்டும் கழற்றிவிடாதீர்கள். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

7. மற்றவை

ஃபாஸ்டேக் ரீசார்ஜுக்குப் பல கார்டுகளில் பாயின்ட் இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு, 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த ஆண்டு பாஸ் அதைவிடப் பெரிய சேமிப்பு. 3,000 ரூபாய்க்கு 200 பயணம் அல்லது ஓராண்டு, எது முதலோ அது என்று தொடங்கினார்கள். மாநில நெடுஞ்சாலை டோலில் செல்லாது.

சர்வீஸ், வாட்டர் வாஷ், டயர் எல்லாம் சாதாரணச் செலவாகவே விழும், கார்டின் அடிப்படை விகிதம் கிடைக்கும். மின்சாரக் கார் கனமானது, இழுவையும் அதிகம், டயர் சீக்கிரம் தேயும். நாலு டயரையும் ஒரே நாளில் மாற்றும் செலவு வரும்போது ஆன்லைனில் விலை பார்த்து, கார்டுக்கு உடனடித் தள்ளுபடி இருக்கும் பண்டிகைக் காலத்தில் வாங்குங்கள். வட்டியில்லாத் தவணையில் மாற்றினால் பெரும்பாலும் பாயின்ட் போய்விடும், செயலாக்கக் கட்டணமும் வரும்.

8. கூட்டிப் பார்ப்போம்

முதலில் சொன்ன அதே குடும்பம். வெளியே 370 யூனிட், 21 ரூபாய் 24 பைசா வீதம் சுமார் 7,900. ஐந்து சதவீதம் கிடைத்தால் 395 ரூபாய். இ.பி. பில்லில் உச்சவரம்பு வரை, 1,500. இன்ஷூரன்ஸ் 30,000-க்கு ஒரு சதவீதம் கிடைத்தால் 300. சர்வீசும் மற்றதும் 10,000-க்கு 100. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,300 ரூபாய்.

மறுபக்கம், கார்டில் ஒரு லட்சம் டவுன் பேமென்ட் கட்டிவிட்டு முழுத்தொகையைக் குறித்த நாளில் அடைக்க முடியாமல் போனால், மாதம் 3.75 சதவீத வட்டி, அதன் மேல் ஜி.எஸ்.டி. ஒரு மாதத்துக்கே 4,425 ரூபாய். இரண்டு ஆண்டுப் பாயின்ட் ஏறக்குறைய அங்கே முடிந்தது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் பழக்கம் உள்ளவருக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை, டெபிட் கார்டே போதும்.

இந்த 2,300-க்காக ஆயிரக்கணக்கில் ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பில் கட்ட ஒரு கார்டு, மற்றதுக்கு ஆன்லைனில் நல்ல விகிதம் தரும் ஒரு கார்டு, அது போதும். பாயின்ட்டாகத் தரும் கார்டைவிட ரூபாயாகக் கழித்துவிடும் கார்டு புதியவர்களுக்கு நல்லது. ‘நூறு ரூபாய்க்கு நாலு பாயின்ட்’ என்று கேட்கப் பெரிதாக இருக்கும், ஒரு பாயின்ட் 25 பைசா என்று கடைசியில் தெரியும்போது அது வெறும் ஒரு சதவீதம். மின்சாரக் கார் என்று பெயரில் வைத்துக்கொண்டு வரும் கார்டுகளையும் இதே தராசில் நிறுத்துங்கள்.

எடுத்த பிறகு ஆட்டோ பே போட்டுவிடுங்கள், குறைந்தபட்சத் தொகைக்கு அல்ல, முழுத்தொகைக்கு. சார்ஜிங் ஆப்களில் அந்தக் கார்டையே முதல் தேர்வாக வையுங்கள். அப்புறம், ‘விதிமுறைகளில் மாற்றம்’ என்ற தலைப்பில் வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்தால் அழிக்காமல் திறந்து, 4900, 5552, வாலட் ஆகிய மூன்று விஷயங்களில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள். மாற்றம் எந்தத் தேதியிலிருந்து என்று அதிலேயே இருக்கும், அதற்கு முந்தைய நாள்வரை பழைய விகிதத்தில் கட்டலாம்.